காலேஜ் மணி அடிச்சா தான் நமக்கு சவாரி: சேலத்துல மூணு வருஷம் வண்டி விட்ட கதை

2022 ஆடி மாசம் ஆரம்பிச்சோம். ஆடில எவனாவது புதுசா தொழில் தொடங்குவானாடான்னு எங்கம்மா கேட்டாங்க, நான் சிரிச்சேன். அவங்க சொன்னது சாமி கணக்கு, ஆனா தொழில் கணக்குலயும் அது தான் சரியா போச்சு, ஏன்னா கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துச்சுன்னா பழைய பஸ் ஸ்டாண்ட சுத்தி கால் வைக்க இடம் இருக்காது, எங்க பையன் ஒருத்தன் செவ்வாய்ப்பேட்டைல பார்சல் வாங்கிட்டு அஸ்தம்பட்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு, பிரியாணி ஆறிப்போச்சு தயிர் பச்சடி சூடாயிருச்சு, அந்த கஸ்டமர் இன்னைக்கும் என்னை எங்கயாவது பாத்தா முறைக்கிறார்.

நாங்க மூணு பேர். நான் மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஓசூர்ல ரெண்டு வருஷம் ஷிப்ட் பாத்தவன், ஒரு நண்பன் மெட்ராஸ் கம்பெனிக்கு வீட்ல இருந்தே கோடிங் எழுதிட்டு இருந்தான், மூணாவது என் மாமா பையன், சொந்தமா ஆட்டோ வச்சிருந்தான், மாசாமாசம் ஃபைனான்ஸ்காரனுக்கு டியூ கட்டிட்டு இருந்தான். பண்ற வேலை ரொம்ப சிம்பிள், சேலத்தை சுத்தி இருக்குற காலேஜ் ஹாஸ்டல் பசங்களுக்கு சாப்பாடு கொண்டு போறது, அவங்களை பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஆட்டோல கொண்டு விடறது, கூட்டிட்டு வர்றது. கருப்பூர் பக்கம் யுனிவர்சிட்டியும் கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜும் இருக்கு, ஜங்ஷன் ரோட்ல காலேஜ் இருக்கு, ஓமலூர் ரோடு பூரா காலேஜ் தான், ஸ்டூடண்டுக்கா பஞ்சம்னு நினைச்சோம்.

பெங்களூர்ல எப்படி பண்றாங்களோ அப்படியே பண்ணலாம்னு தான் இறங்குனோம். எப்ப வேணா புக் பண்ணு, பத்து நிமிஷத்துல வண்டி வரும், அரை மணி நேரத்துல சாப்பாடு வரும். நண்பன் நாலு மாசம் தூங்காம ஆப் எழுதுனான், மேப்புல ஆட்டோ படம் நகரும், பாக்க அழகா தான் இருந்துச்சு. பதினாலு ஆட்டோ சேத்தோம். காலைல பத்து மணில இருந்து நாலு மணி வரைக்கும் அந்த பதினாலு வண்டிக்கும் சேத்து ஆறு சவாரி. டிரைவருங்க வேப்பமரத்தடில வண்டிய போட்டுட்டு போன்ல வீடியோ பாத்துட்டு இருந்தாங்க, அதுல ஒருத்தர் என்னை கூப்பிட்டு, "தம்பி, நீங்க குடுத்த ஆப்ல டைம் மட்டும் நல்லா தெரியுது"ன்னார். நக்கல்.

அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4:40. காலேஜ் விட்டாச்சு, பசங்க பேக் தூக்கிட்டு கேட்டுக்கு வந்தாச்சு, ஒரே நேரத்துல அறுபது புக்கிங், எங்ககிட்ட இருக்குறது பதினாலு வண்டி, அதுல அஞ்சு வண்டி அந்த நேரம் பாத்து ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்த போயிருச்சு, அது அவங்களுக்கு மாசச் சம்பளம் மாதிரி, அதை விட்டுட்டு நம்ம சவாரிக்கு வரமாட்டாங்க, வரவும் கூடாது. மீதி ஒன்பது வண்டி. போன் அடிக்குது அடிக்குது, நான் எடுத்து "வந்துட்டே இருக்கு ப்ரோ"ன்னு பொய் சொல்றேன், 5:20க்கு ஒரு வண்டி கேட்டுக்கு போய் நின்னா அங்க ஈ காக்கா இல்ல, எல்லாரும் டவுன் பஸ்ல ஏறி போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அஞ்சு ரோடு கிட்ட ஒரு டீக்கடைல மூணு பேரும் உக்காந்து யாரும் யாரையும் பாக்காம டீ குடிச்சோம்.

அடுத்த வாரம் நான் ஒரு நோட்டு எடுத்துட்டு ஓமலூர் ரோட்ல ஒரு காலேஜ் கேட்டுக்கு எதிர்ல இருக்குற பேக்கரில போய் உக்காந்தேன். ஆறு நாள், காலைல ஏழரைல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும். கேட்டை விட்டு வெளிய வர்றவன் எங்க போறான், எதுல போறான், அவ்ளோ தான் எழுதுனேன், காலேஜ் பஸ், டவுன் பஸ், சொந்த பைக், நடந்து பேக்கரிக்கு, ஆட்டோ. இதை கம்பெனி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும், பண்ணியிருந்தா ஆப்புக்கு போட்ட காசுல பாதி மிஞ்சியிருக்கும். பொண்ணுங்க பகல்ல ஆட்டோவே தொடல, ஏன் தொடணும், 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல அவங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, கேட்டு வாசல்லயே பஸ் நிக்குது. டே ஸ்காலர் பூரா காலேஜ் பஸ் இல்லைன்னா பைக். பத்தாயிரம் பேர் படிக்கிற காலேஜ்னு நாங்க பெருமையா பேசிட்டு இருந்தோம், நமக்கு ஆகுறது ஹாஸ்டல்ல இருக்குற ஆளுங்க மட்டும் தான், அதுவும் வாரத்துல குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் தான். வெள்ளி சாயங்காலம், சனிக்கிழமை மத்தியானம், ஞாயிறு ராத்திரி, திங்கக்கிழமை விடிகாலை. சாப்பாடுன்னா தினமும் ராத்திரி ஏழுல இருந்து எட்டு. மெஸ்ல உப்புமா போடற நாள்ல ஆர்டர் ரெண்டு மடங்கு, அதனால மெஸ் மெனுவ வாங்கி எங்க ஆபீஸ் சுவத்துல ஒட்டிட்டோம், இன்னைக்கும் ஒட்டியிருக்கு.

அதுக்கப்புறம் நாங்க பண்ண மாத்தம் ஒன்னே ஒன்னு தான், "எப்ப வேணா" அப்படிங்கறதை எடுத்துட்டோம். பஸ் மாதிரி நேரம் வச்சோம். வெள்ளிக்கிழமை 4:45க்கும் 5:30க்கும் கேட்ல வண்டி நிக்கும், வியாழன் ராத்திரிக்குள்ள வாட்ஸப்ல பேர் குடுக்கணும், ஒரு ஆட்டோல மூணு பேர், புது பஸ் ஸ்டாண்டுக்கு தலைக்கு 80 ரூபா. தனியா ஆட்டோ பிடிச்சா 220, 250 கேப்பாங்க. மூணு பேரா சேந்து வர்றதுக்கு ஆள் தேட வேண்டிய வேலை பசங்களுக்கு இல்ல, நாங்களே சேத்து விட்டுருவோம். ஆப்ல மேப்பு நகர்றதெல்லாம் போச்சு, ஒரு வாட்ஸப் நம்பர், ஒரு ஷீட்டு, கேட்ல பேர் கூப்பிட ஒரு பார்ட் டைம் பையன். நண்பனுக்கு தான் மனசு கஷ்டம், பாவம், அவன் எழுதுன கோடு இன்னும் எங்கயோ சர்வர்ல தூங்குது.

இப்ப ஆட்டோ ஸ்டாண்டு விஷயம். இதை தனியா சொல்லணும், ஏன்னா இதுல கவுந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

முதல் மாசத்துலயே ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டாண்டுல எங்க வண்டிய மறிச்சுட்டாங்க. ஸ்டாண்டு தலைவர் அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும், காக்கி சட்டைல ரெண்டு பட்டன் கழட்டி விட்டுட்டு, கையில பீடி. அவர் கத்தவே இல்ல, அது தான் பயமா இருந்துச்சு. "ஏம்ப்பா, இங்க வரிசைல பதினெட்டு வண்டி நிக்குது, விடிய விடிய நிக்குது, நீ வெளி வண்டிய கொண்டாந்து எங்க கண்ணு முன்னாடி ஏத்திட்டு போனா இவங்க வீட்ல உலை வைக்கிறது யாரு?" நான் ஆப், கஸ்டமர் சாய்ஸ், ரேட்டிங்னு என்னமோ உளறுனேன். "மீட்டர் போட்டு ஓட்டுங்கண்ணே, ஜனங்க தானா வருவாங்க"ன்னு வேற சொன்னேன், அதுக்கு அவர், "மெட்ராஸ்ல 2013ல போட்டாங்க, குறைஞ்சது 25 ரூபான்னு, அங்கயே எவன் மீட்டர் போடறான்னு போய் பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம்"ன்னுட்டு பீடிய கீழ போட்டு மிதிச்சார்.

ரெண்டு நாள் யோசிச்சோம். மாமா பையன் தான் வழி சொன்னான், அவன் அந்த உலகத்து ஆள். "டேய், நாம எதுக்கு வண்டி வைக்கணும், வரிசைல நிக்கிற வண்டியவே எடுத்துக்கலாம்ல." திரும்ப போனோம், இந்த தடவை கையில லிஸ்டோட போனோம். திங்கக்கிழமை காலைல 21 பேர் வர்றாங்க, ஏழு வண்டி வேணும், தலைக்கு 90 ரூபா, ஒரு வண்டிக்கு 270, உங்க வரிசைல முதல் ஏழு வண்டி எதுவோ அதுவே போகட்டும், யார் போகணும்னு நாங்க சொல்ல மாட்டோம். அவர் லிஸ்ட வாங்கி கண்ணாடி போட்டு மேலருந்து கீழ படிச்சார். "கமிஷன்?" ஆரம்பத்துல நாங்க 20 பர்சண்ட் பிடிச்சுட்டு இருந்தோம், அதை சொன்னா எழுந்து போயிருப்பார், வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 ரூபா, அதுவும் சவாரி குடுத்த நாளுக்கு மட்டும்னேன். பெங்களூர்ல "நம்ம யாத்ரி"ங்கற ஆட்டோ ஆப்ல அப்புறமா கமிஷனே இல்லாம ஒரு நாளைக்கு 25 ரூபான்னு இதே மாதிரி கொண்டு வந்தாங்க, அதை கேள்விப்பட்டப்ப எங்களுக்கு ஒரு சந்தோஷம், நாம ஒன்னும் கிறுக்குத்தனமா பண்ணலைன்னு. டிரைவருக்கு கமிஷன்னா ஒவ்வொரு சவாரியிலயும் யாரோ கைய விட்டு எடுக்கற மாதிரி, தினப்படி காசுன்னா ஸ்டாண்டு சந்தா மாதிரி, காசு குறையறது ஒரு பக்கம், மனசுக்கே அது வேற.

இன்னொன்னு, காசு அன்னன்னைக்கே. வாரத்துக்கு ஒரு தடவை செட்டில்மெண்ட்னு ஆரம்பத்துல வச்சிருந்தோம், மூணாவது வாரமே பாதி பேர் கழண்டுட்டாங்க. கேஸ் அடிக்கணும், டியூ கட்டணும், வீட்டுக்கு மளிகை வாங்கிட்டு போகணும், இதெல்லாம் அன்னைக்கு ராத்திரி நடக்கறது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் ஜிபேல போட்டு விட்டுட்டு தான் நான் சாப்பிட உக்காருவேன், அந்த பழக்கம் வந்ததுக்கப்புறம் ஒரு டிரைவர் கூட கழண்டுக்கல.

சரி, திங்கக்கிழமை விடிகாலைக்கு வர்றேன். சென்னைல இருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே சேலம் ஜங்ஷன்ல இறக்கி விட்டுரும். நாங்க புத்திசாலித்தனமா நாலு மணிக்கே ஆட்டோவ நிறுத்தி, ரயில் வந்த உடனே ஏத்தி, நாலரைக்கெல்லாம் ஹாஸ்டல் வாசல்ல இறக்கி விட்டுட்டு, பாத்தியா எங்க சர்வீஸ்னு இருந்தோம். மூணாவது வாரம் ஒரு போன். காட்பாடி பக்கத்துல இருந்து ஒரு அப்பா, பொண்ணு முதல் வருஷம். "சார், உங்க வண்டி நல்லா தான் வருது, டிரைவரும் தங்கமான மனுஷன். ஆனா ஹாஸ்டல் கேட்டு ஆறு மணிக்கு தான் திறக்கறாங்களாம், பாப்பா ஒன்றரை மணி நேரம் வெளிய திண்ணைல உக்காந்திருக்கு. அதுக்கு ஸ்டேஷன்லயே லைட்டு வெளிச்சத்துல நாலு பேரோட உக்காந்திருக்கும்ல?" எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு, கேட்டு எப்ப திறக்கும்னு ஒரு தடவை கூட நாங்க கேக்கல, வாட்ச்மேன்கிட்ட கேட்டா ஒரு வார்த்தைல சொல்லியிருப்பார்.

அந்த வாரமே வண்டி நேரத்தை 5:30க்கு மாத்துனோம். ஜங்ஷன்ல வெயிட்டிங் ஹால்ல எல்லாரும் ஒன்னா உக்காந்திருக்கணும், 5:25க்கு எங்க பையன் வந்து பேர் கூப்பிடுவான். அந்த அப்பா இன்னொன்னும் கேட்டார், ஆட்டோ நம்பரும் டிரைவர் பேரும் எனக்கு மெசேஜ் வருமான்னு. நண்பன் அரை மணி நேரத்துல பண்ணிட்டான், வீட்டு நம்பர் ஒன்னு வாங்கிக்குவோம், ஏறுனதும் ஒரு மெசேஜ், இறங்குனதும் ஒரு மெசேஜ். நாலு மாசம் எழுதுன ஆப் கொண்டு வராத ஆளுங்களை இந்த ரெண்டு மெசேஜ் கொண்டு வந்துச்சு, பசங்க சொல்லி பசங்க வர்றத விட அம்மாக்கள் சொல்லி அம்மாக்கள் சேத்து விட்டது அதிகம், ஹாஸ்டல் பேரண்ட்ஸ் வாட்ஸப் குரூப்னு ஒன்னு இருக்கு பாருங்க, அதுல ஒரு தடவை நம்ம நம்பர் வந்துருச்சுன்னா போஸ்டரே வேண்டாம். அதே குரூப்ல ஒரு தடவை நம்ம டிரைவர் ஒருத்தர் போன் பேசிட்டே ஓட்டுனார்னும் வந்துச்சு, அதையும் சொல்லணும்ல, அன்னைக்கு அவரை கூப்பிட்டு பேசறதுக்குள்ள எனக்கு 11 மிஸ்டு கால்.

சாப்பாட்டு கணக்கு இன்னும் கொடுமை. வெளிய ஒரு மெஸ் கடைல 80 ரூபா சாப்பாடு, கடைக்காரர் நமக்கு 15 பர்சண்ட் தர்றார், 12 ரூபா, டெலிவரிக்கு ஆர்டர் போட்டவன்கிட்ட 20 ரூபா வாங்குறோம், ஆக 32. ஒரு ஆர்டருக்கு ரைடருக்கு 30 குடுக்கணும். மீதி ரெண்டு ரூபால ஆபீஸ் வாடகை, போன் பில்லு, பாலித்தீன் பை, கீழ கொட்டுன சாம்பாருக்கு நஷ்ட ஈடு. பெரிய கம்பெனிங்க எங்கயோ இருந்து வர்ற காசுல இதை தாங்கிக்குவாங்க, நம்மகிட்ட மாமா பையனோட ஆட்டோவும் என் பிஎஃப் காசும் தான். அதனால சாப்பாட்டுக்கும் பஸ் டைம் தான் வச்சோம், ராத்திரி 6:45க்கு ஆர்டர் மூடிருவோம், 7:10க்கு கடைல இருந்து பை கிளம்பும், 7:30க்கு கேட்டு. ஒரு ரைடர் ஒரு நடைக்கு 12 பார்சல், நடைக்கு 180 ரூபா, ஆக பார்சலுக்கு 15. அவனும் ஒரு மணி நேரத்துல 180 பாக்கறான், நமக்கும் 17 ரூபா நிக்குது. பசங்க முதல்ல கத்துனாங்க, எட்டு மணிக்கு பசிச்சா என்ன பண்றதுன்னு, அப்புறம் அவனுங்களே 6:40க்கு ரூம் ரூமா போய் "டேய் மூடப்போறாங்கடா சொல்லுங்கடா"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க, அது எங்களுக்கு ஃப்ரீ விளம்பரம்.

கேட்டுன்னு சொன்னேன்ல, அதுவும் ஒரு பாடம். ஹாஸ்டல் உள்ள டெலிவரி பையனை விடமாட்டாங்க, கேட்ல நின்னு ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணி, அவன் குளிச்சுட்டு வர்றேன்பான், இப்படி ஒரு பார்சலுக்கு ஆறு நிமிஷம் போச்சுன்னா நடைக்கணக்கு அத்தனையும் நாசம். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டு கேட்டுக்கு பக்கத்துல ஒரு பழைய பெஞ்சு போட்டோம், பார்சல் மேல ரூம் நம்பர் ஸ்கெட்ச்ல எழுதி வச்சுட்டு 7:45 வரைக்கும் தான் நிப்போம், அப்புறம் வாட்ச்மேன் பொறுப்பு. அவருக்கு தினமும் ராத்திரி ஒரு டிபன். அந்த டிபன் தான் கம்பெனியோட ரொம்ப லாபமான செலவு. மேப்பையும் நம்பாதீங்க, ஹைவேக்கு எதிர்ப்பக்கம் கடை இருந்தா மேப்ல 400 மீட்டர் காட்டும், நடுவுல தடுப்பு இருக்கும், சர்வீஸ் ரோட்ல போய் பாலத்துக்கு அடில பூந்து சுத்தி வந்தா ரெண்டரை கிலோமீட்டர். அவசரத்துக்கு எதிர்த்திசைல வர்ற பையனை நான் ரெண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், பெங்களூர் லாரிங்க வர்ற ரோடு அது, அம்மா அப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

தட்டுவடை செட்டை பத்தி சொல்லலைன்னா சேலத்துக்காரங்க என்னை மன்னிக்க மாட்டாங்க. ராத்திரி பசங்க அதிகமா கேட்டது அது தான், ஆனா அது டெலிவரிக்கு பொறந்த பண்டமே இல்ல. ரெண்டு தட்டைக்கு நடுவுல காரச்சட்னி, பச்சை சட்னி, துருவுன கேரட் பீட்ரூட் வெங்காயம், வண்டிக்கடைல அந்த அண்ணன் கையில குடுத்த உடனே வாய்ல போடணும், கருக்குனு சத்தம் வரணும். நாங்க இருபது நிமிஷம் கழிச்சு குடுத்தப்ப நமுத்துப்போய் ஈர அட்டை மாதிரி இருந்துச்சு. கடைக்கார அண்ணன்கிட்ட தனித்தனியா கட்டி குடுங்கன்னா, "தனித்தனியா குடுத்தா அது செட்டு ஆகுமாப்பா"ன்னு கோவிச்சுக்கிட்டார். ரெண்டு வாரம் கெஞ்சுனோம். கடைசில தட்டை ஒரு கவர்ல, ரெண்டு சட்னி ரெண்டு குட்டி கவர்ல நூல் போட்டு கட்டி, காய் ஒரு கவர்ல, இப்ப பசங்க ரூம்ல வட்டமா உக்காந்து அவங்களே செட்டு போட்டுக்கறாங்க, பத்து செட்டு வாங்குனா தட்டை ரெண்டு எக்ஸ்ட்ரா போடுவார், வழில உடையறதுக்கு.

கூப்பன் போடாதீங்க. முதல் சவாரி ஒரு ரூபான்னு போட்டோம், 600 பேர் வந்தாங்க, அதுல பாதி ஒரே பசங்க வேற வேற சிம்ல.

சட்டம் பத்தி ரெண்டு விஷயம், இதை நாங்க அடி வாங்கிட்டு கத்துக்கிட்டோம். ஒன்னு, பசங்க சிலர் வந்து, எங்க பைக்ல பின்னாடி ஆள் ஏத்திக்கறோம், பெட்ரோல் காசு வரும்னாங்க. நல்ல யோசனையா தான் தெரிஞ்சுச்சு, பத்து நாள் ஓட்டவும் செஞ்சோம். அப்புறம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் பிடிச்சு திட்டுனார், வெள்ளை போர்டு வண்டில காசு வாங்கி ஆள் ஏத்துனா பர்மிட் இல்லாத வாடகை வண்டி கணக்கு, அதைவிட முக்கியம், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி வாடகைக்கு ஓட்டுனீங்கன்னு சொல்லி கைய விரிச்சுரும், பின்னாடி உக்காந்த பிள்ளையோட ஆஸ்பத்திரி செலவு உன் தலைல. அன்னைக்கே நிறுத்திட்டோம். 2025 ஜூலைல மத்திய அரசு விட்ட புது வழிகாட்டுதல்ல, மாநில அரசு ஒத்துக்கிட்டா சொந்த பைக்கையும் ஆப் மூலமா ஓட்டலாம்னு இடம் குடுத்திருக்காங்க, ஆனா மாநிலம் ஒத்துக்கணும், பேப்பர்ல செய்தி வந்துச்சுன்னு நீங்களா ஆரம்பிச்சுராதீங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல போய் கேளுங்க.

ரெண்டாவது ஜிஎஸ்டி. சின்ன கம்பெனி தானே, லிமிட்டுக்கு கீழ தானே, நமக்கெதுக்குன்னு இருந்தோம். 2022 ஜனவரில இருந்து ஆப் வழியா போற ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 பர்சண்ட் ஆப் நடத்தறவன் தான் கட்டணும், கடைக்காரர் ஜிஎஸ்டில இல்லைன்னாலும் நாம கட்டணும், அதே தேதில இருந்து ஆப் மூலமா போற ஆட்டோ சவாரிக்கும் இருக்கு. லிமிட்டுங்கற பேச்சே நமக்கு கிடையாது. ஆடிட்டர் இதை சொன்னப்ப நாங்க ஏழு மாசம் ஓட்டியாச்சு, அந்த ஏழு மாச பாக்கிய வட்டியோட கட்டுனது தான் என் கல்யாணத்துக்கு சேத்த காசு. கல்யாணம் அடுத்த வருஷம் ஆச்சு, அது வேற கதை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டருக்கு ஒரு மணி நேர ஃபீஸ் குடுத்துருங்க. ரைடர் பசங்களுக்கும், 2023 டிசம்பர்ல தமிழ்நாட்டுல இந்த மாதிரி வேலை பாக்கறவங்களுக்குன்னு தனி நலவாரியம் வந்திருக்கு, ஆதார், பேங்க் புக்கெல்லாம் கொண்டு வரச்சொல்லி நாங்களே உக்காந்து பதிஞ்சு விட்டோம், அவனுங்களா போய் பண்ண மாட்டானுங்க.

எல்லாம் ஓடுதுன்னு நிமிந்தப்ப ஏப்ரல் கடைசி வந்துச்சு. செமஸ்டர் எக்ஸாம், ஸ்டடி லீவ், அப்புறம் ஹாஸ்டல் காலி. ஒரு நாள் ராத்திரி 7:10 நடைக்கு மூணு பார்சல். நவம்பர் டிசம்பர்லயும் இதே. வருஷத்துல எட்டு மாச வருமானத்துல பன்னெண்டு மாசம் சாப்பிடணும், இதை எந்த பெரிய ஊர் ஆளும் சொல்லித்தர மாட்டான், ஏன்னா அவங்க ஊர் காலியாகறதே இல்ல. முதல் வருஷம் ரைடர் பசங்க ஒன்பது பேர்ல ஆறு பேர் போயிட்டாங்க, ஜூலைல திரும்ப புது ஆளுங்களுக்கு முதல்ல இருந்து சொல்லிக்குடுத்தோம்.

ரெண்டாவது வருஷம் மாம்பழம் காப்பாத்துச்சு. ஹாஸ்டல் காலியாகுற அதே நேரம் தான் சேலத்துல மாம்பழ சீசன், மல்கோவா, இமாம் பசந்த், சேலம் குண்டுன்னு கடை வீதி பூரா வாசனை. சேலத்துக்காரன் வெளியூர்ல இருக்குற அண்ணனுக்கு தங்கச்சிக்கு பெட்டி பெட்டியா அனுப்புவான், அதை கடைல இருந்து எடுத்து ஆம்னி பஸ் பார்சல் ஆபீஸ் வரைக்கும் கொண்டு சேக்க ஆள் இல்ல. நாங்க அஞ்சு கிலோ, பத்து கிலோ பெட்டி, வீட்டுக்கே வந்து எடுத்து பார்சல் போட்டு ரசீது போட்டோ அனுப்பிருவோம். ஒரே கண்டிஷன், காய் பதம் தான் எடுப்போம், பழுத்ததை எடுக்க மாட்டோம். ஒரு தடவை ஒரு பாட்டி கனிஞ்ச பழம் தான் பேரனுக்கு பிடிக்கும்னு அடம் பிடிச்சு குடுத்துட்டாங்க, பெங்களூர்ல பெட்டிய திறந்தப்ப ஜூஸ் தான் இருந்துச்சாம், பாட்டி எங்களை திட்டல, பேரனை திட்டுனாங்க, உடனே போய் எடுக்கலையாடான்னு.

ஏற்காட்டுக்கு போகாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க, நாங்களும் கேக்கல. ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாரும் மேல போறாங்க, டாக்ஸில ஆறு பேரா சேத்து அனுப்பலாம்னு 2024ல ஆரம்பிச்சோம். காலைல போற கூட்டம் காலைல தான் போகும், சாயங்காலம் தான் இறங்கும், நடுவுல வண்டி ஏரிக்கரைல சும்மா நிக்கும், வெயிட்டிங் பேட்டா கேப்பாங்க, நியாயம் தானே. காலியா கீழ இறக்குனா டீசல் நம்ம கணக்கு, மேல போகவும் இருபது கொண்டை ஊசி வளைவு, கீழ வரவும் அதே இருபது, காசு மட்டும் ஒரு பக்கத்துக்கு. பதினாலாவது வளைவுல எவனாவது ஒருத்தன் வாந்தி எடுப்பான், வண்டி கழுவ முன்னூறு. கோடை விழா நேரத்துல கூட்டத்துக்காக இறங்கற வண்டிய குப்பனூர் வழியா திருப்பி விட்டாங்க, கிலோமீட்டர் கூடிருச்சு, அந்த கூடுதல் காசை யார்கிட்ட கேக்கறது. டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைல மலைப்பாதைல மண் சரிஞ்சு கிடந்துச்சு, அட்வான்ஸ் வாங்குன அத்தனை பேருக்கும் திருப்பி குடுத்துட்டு அந்த சர்வீஸை மூடுனோம். மாமா பையனுக்கு மட்டும் இன்னும் ஆசை விடல, ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற இடத்துகிட்ட ஒரு ஆபீஸ் பாத்து வச்சிருக்கேங்கறான். நான் காது குடுக்கறதில்ல.

அடுத்த ஊர்னு திருச்செங்கோடு தான் முதல்ல நினைச்சோம், அத்தனை காலேஜ் அந்த பக்கம். இந்த தடவை அட்வான்ஸ் எதுவும் குடுக்காம நோட்டோட போனேன். ஒரு காலேஜ் கேட்டுக்கு எதிர்ல நாலு மணிக்கு நின்னேன், 4:20ல இருந்து பஸ்ஸு வெளிய வந்துச்சு பாருங்க, மஞ்சள் மஞ்சளா வரிசையா, நான் எண்ணிட்டே இருந்தேன், 43 வரைக்கும் எண்ணிட்டு நோட்ட மூடிட்டேன். கேட்ல நடந்து வந்தவங்க இருபது முப்பது பேர் இருப்பாங்க, அவங்களும் பேக்கரிக்கு தான் போனாங்க. நானும் அங்கயே ஒரு பஃப்ஸ் சாப்பிட்டுட்டு சேலம் பஸ் ஏறிட்டேன், போக வர பஸ் டிக்கெட்டும் அந்த பஃப்ஸும் தான் செலவு.

வர்ற வெள்ளிக்கிழமை தர்மபுரி போறேன். அங்க ஹாஸ்டல் கேட்டு எத்தனை மணிக்கு திறக்கறாங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு தான் மீதி வேலை. காட்பாடி அப்பாவுக்கு நேத்து போன் பண்ணி சொன்னேன், பொண்ணு படிப்பு முடியப்போகுது, ஆனா திங்கக்கிழமை 5:30 வண்டி கிளம்பிருச்சான்னு அவர் இன்னும் போன் பண்ணிட்டு தான் இருக்கார். தர்மபுரின்னதும், "அங்க ஸ்டேஷன்ல லைட்டு நல்லா இருக்கான்னு பாத்துட்டு வாங்க சார்"ன்னார்.